பார்களின் கணக்கு: மன்னார்க் கடலில் முத்துச் சிப்பியின் பெருக்கமும் மறைவும்

கொற்கை முத்தின் பெருமையைப் பேசாத தமிழ்ப் பாடநூல் அரிது. அகநானூறும் மதுரைக்காஞ்சியும் அத்துறையின் முத்தைப் போற்றுகின்றன. பாண்டிமாதேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து என்பதே சிலப்பதிகாரத்தின் வழக்கைத் தீர்த்துவைக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதப்பட்ட கிரேக்கக் கடல்வழிக் குறிப்பேடான பெரிப்ளூஸ், பாண்டிய நாட்டுக் கொற்கைக் கடலில் தண்டனை பெற்ற குற்றவாளிகளைக் கொண்டு முத்தெடுத்தனர் என்று குறிக்கிறது. இவற்றையெல்லாம் நாம் வகுப்பறையில் ஆண்டுதோறும் சொல்லிவருகிறோம். ஆயினும் முத்தைச் சுமந்த சிப்பியின் வரலாறு நம் பாடங்களில் இடம்பெறுவதில்லை.

அவ்வரலாறு வியப்புக்குரியது. மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பி ஆண்டுதோறும் தவறாமல் கிடைக்கும் பொருளன்று. சில ஆண்டுகள் கடலடி கொள்ளாத அளவுக்குப் பெருகும். பிறகு பத்து, இருபது, சில வேளைகளில் முப்பது ஆண்டுகள் வரை பெயர் சொல்லக்கூட ஒன்று அகப்படாது. இந்த ஏற்றமும் இறக்கமும் ஏன் நேர்கின்றன என்ற கேள்வி, இக்கடலை ஒன்றன்பின் ஒன்றாக ஆண்ட அரசுகளையெல்லாம் அலைக்கழித்தது. அவ்வரசுகள் கண்ட விடைகளையும், கடலடியில் நிகழ்ந்ததாக இன்று நாம் அறிவதையும் அருகருகே வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். சிறு படகுகளில் சென்று, மூச்சடக்கிக் குளித்துப் பிழைத்த மக்கள் அக்கணக்கில் எங்கே நிற்கின்றனர் என்பதும் இதனுள் அடங்கும்.

பாரும் சலாபமும்

மன்னார் வளைகுடாவின் இரு கரைகளையும் ஒட்டிய கடலடியில், மணற்பரப்பின் நடுவே ஆங்காங்கே தட்டையான பாறைத் திட்டுகள் உள்ளன. இவற்றைக் கடலோர மக்கள் 'பார்' என்பர். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழத்தில் அமைந்த பார்களில் முத்துச் சிப்பிகள் தம் நூலிழைகளால் பற்றிக்கொண்டு வாழ்கின்றன. ஒவ்வொரு பாருக்கும் ஒரு பெயர் உண்டு. தூத்துக்குடிப் பக்கம் தொள்ளாயிரம் பாரும் தெய்வப் பாரும், இலங்கைப் பக்கம் பெரிய பாரும் பெயர்பெற்றவை. ஆங்கில அதிகாரிகள் எழுதிய அறிக்கைகளிலும் இச்சொல்லும் இப்பெயர்களுமே மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே நிற்கின்றன. கரையில் இருந்தோர் கடலடியைப் பற்றி எழுதியவை பெரும்பாலும் குளித்தவர்களின் வாய்மொழியிலிருந்து பிறந்தவை என்பதற்கு இதுவே சான்று.

முத்துக்குளிப்பு நடைபெறும் பருவத்துக்குச் சலாபம் என்று பெயர். வடகிழக்குப் பருவக்காற்று ஓய்ந்து, தென்மேற்குக் காற்று எழுவதற்கு முன்னர்க் கடல் அமைதியாக இருக்கும் மாசி, பங்குனி, சித்திரை மாதங்களே அதற்குரிய காலம். முதலில் அதிகாரிகள் பார்களைச் சோதித்து, மாதிரியாகச் சில ஆயிரம் சிப்பிகளை எடுத்துவரச் செய்வர். அவற்றை அழுகவிட்டுக் கழுவி, கிடைத்த முத்துகளை வணிகர் மதிப்பிடுவர். ஆயிரம் சிப்பிக்கு இன்ன மதிப்பு என்று தெரிந்த பிறகே சலாபம் அறிவிக்கப்படும். அறிவிப்பு வந்ததும், ஆளரவமற்ற மணற்கரையில் சில வாரங்களுக்கு ஒரு நகரமே எழும். பரவரும், கீழக்கரை முதலான ஊர்களின் முஸ்லிம் குளியாளிகளும், மலையாளக் கரையினரும், பாரசீக வளைகுடாவிலிருந்து வந்த அரபியரும் அங்குக் கூடினர். காலில் கல்லைக் கட்டி இறங்கிக் கூடையில் சிப்பிகளை வாரிக்கொண்டு மேலேறினர். நாள்தோறும் மாலையில், கரையில் குவித்த சிப்பிகள் ஆயிரக் கணக்கில் ஏலம் விடப்பட்டன. பிற்கால ஆங்கிலேய ஆட்சியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கும் ஒரு பங்கு குளித்தவர்களுக்கும் உரியதாயிற்று.

இப்பங்கீடு காலந்தோறும் மாறியது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் இக்கடல் வழியே சென்ற மார்க்கோ போலோ, மன்னனுக்குப் பத்தில் ஒரு பங்கும், சுறாமீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்கு இருபதில் ஒரு பங்கும் சேர்ந்தன என்று எழுதுகிறார். பதினாறாம் நூற்றாண்டில், முத்துக்குளிப்பு உரிமை குறித்த மோதல்களின் பின்னணியில், பரவர் போர்த்துகீசியரின் பாதுகாப்பை நாடிக் கிறித்தவம் தழுவினர். அவர்களுடைய கரை 'முத்துக்குளித்துறை' என்றே வழங்கிற்று. 1658-இல் தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக்காரர், குளிப்போர் பயன்படுத்திய கல்லை அலகாகக் கொண்டு வரி விதித்தனர். பரவரின் சாதித்தலைவருக்கும் ஊர்ப் பெரியோருக்கும் சிறப்புரிமைகள் அளிக்கப்பட்டன. ஆக, பாரில் சிப்பி இருக்கிறதா இல்லையா என்பது ஒரு சமூகத்தின் நிலையையும் மதிப்பையும் முடிவு செய்யும் செய்தியாக இருந்தது.

வெற்று ஆண்டுகளின் பட்டியல்

இலங்கைப் பக்கத்தின் பதிவேடுகளைப் புரட்டினால், விளைந்த ஆண்டுகளைவிட வெறுமையாகக் கழிந்த ஆண்டுகளே நம் கண்ணை உறுத்துகின்றன. டச்சுக்காரர் காலத்தில் 1732 முதல் 1746 வரை சலாபம் இல்லை. மீண்டும் 1768 முதல் 1796 வரை இல்லை. ஆங்கிலேயர் காலத்தில் 1820 முதல் 1828 வரையும், 1837 முதல் 1854 வரையும், 1864-இலும் அதனை அடுத்த பல ஆண்டுகளிலும் பார்கள் பொய்த்தன. 1887 முதல் 1891 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் நல்ல விளைச்சல் கிடைத்தது. அதன் பிறகு பத்தாண்டுக்கு மேல் ஒன்றும் இல்லை.

தூத்துக்குடிப் பக்கத்தின் கதையும் இத்தகையதே. 1830-இல் ஒரு சலாபம் நடந்தது, அடுத்தது 1860-இல்தான். 1862-க்குப் பிறகு 1889 வரை காத்திருக்க நேர்ந்தது. 1926 முதல் 1928 வரை மூன்று ஆண்டுகள் நடந்தது. அதன் பின்னர் 1955 வரை இருபத்தேழு ஆண்டுகள் வெறுமை. இளமையில் ஒரு சலாபத்தைக் கண்டவன், அடுத்ததைக் காணும்போது பேரன் பேத்தி எடுத்திருப்பான். ஒரு தொழில்நுணுக்கம் தலைமுறை தாண்டிப் பிழைத்திருக்க இந்த இடைவெளி எத்துணைப் பெரிய தடை என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும்.

குற்றவாளியைத் தேடிய காலம்

வருவாய் நின்றால் அரசு முதலில் குற்றவாளியைத் தேடும். இங்கும் அதுவே நடந்தது. 1796-இல் இலங்கையின் கரையோரத்தை டச்சுக்காரரிடமிருந்து கைப்பற்றிய ஆங்கிலேயர், இருபத்தெட்டு ஆண்டு வெறுமைக்குப் பின் நிறைந்திருந்த பார்களைக் கண்டனர். தொடர்ந்து மூன்று ஆண்டுகள் குளிக்கச் செய்து பெரும்பணம் ஈட்டினர். பார்கள் வறண்டன. பேராசையால் அளவுக்கு மீறி அள்ளியதே காரணம் என்ற எண்ணம் அன்று முதல் வேரூன்றிற்று. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. அரிப்பு என்னும் கடற்கரையூரில், முத்துக்குளிப்பைக் கண்காணிப்பதற்கென்றே ஆளுநர் ஃபிரெடரிக் நார்த் கட்டுவித்த மாளிகையின் இடிபாடுகள் அக்காலத்து எதிர்பார்ப்பின் சின்னமாக நின்றன.

தூத்துக்குடியில் 1830-க்குப் பிந்தைய முப்பது ஆண்டு வெறுமைக்குப் பல காரணங்கள் கற்பிக்கப்பட்டன. பாம்பன் கால்வாயை அகலப்படுத்தியதால் நீரோட்டம் வலுத்து, இளஞ்சிப்பிகள் பாரில் ஒட்ட முடியாமல் போயிற்று என்றனர் சிலர். சங்கு குளிப்போர் பார்களைக் குலைக்கின்றனர், சிப்பிகளைத் திருடுகின்றனர் என்றனர் வேறு சிலர். 'சூரம்' எனப்பட்ட மட்டி வகை பாரின் மேல் பாய்போலப் படர்ந்து முத்துச் சிப்பியை மூச்சுத்திணறச் செய்வதாகவும் அதிகாரிகள் எழுதினர். திருக்கை மீன்கள் கூட்டமாக வந்து சிப்பிகளை நொறுக்கித் தின்பதைக் குளியாளிகள் சொல்லியிருந்தனர்.

இவற்றுள் ஒரு வேறுபாட்டை நாம் கவனிக்கவேண்டும். சூரமும் திருக்கையும் கடலடியைக் கண்டவர்கள் சொன்னவை. திருட்டு என்பது கரையில் இருந்தோர் ஐயுற்றது. சலாபக் காலத்தில் குளியாளி முத்தை விழுங்கிவிடுவான், ஒளித்துவிடுவான் என்று அவனைச் சுற்றிக் காவல் போட்ட மனநிலையே, சிப்பி இல்லாத காலத்திலும் அவனை ஐயுற்றது. முப்பது ஆண்டு வெறுமையை விளக்க ஒரு திருடன் போதாது என்பதை அக்கணக்கர்கள் எண்ணவில்லை.

பெரிய பார் கற்பித்த பாடம்

1857-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கெலார்ட் என்னும் மருத்துவர் இலங்கை அரசுக்காக முத்துச் சிப்பியை ஆராய்ந்தார். முத்து உருவாவதற்கும் சிப்பியின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகளுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று இக்கடலில் முதலில் கூறியவர் அவரே. அவருடைய ஆய்வு இறப்பால் இடையில் நின்றது. பின்னர் 1902-இல், லிவர்பூலின் விலங்கியல் பேராசிரியர் ஹெர்ட்மன் குடியேற்ற நாட்டு அலுவலகத்தின் அழைப்பின்பேரில் இலங்கைக்கு வந்தார். உடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் அங்கேயே தங்கி ஆய்வைத் தொடர்ந்தார். 1903 முதல் 1906 வரை அவர்களுடைய அறிக்கை ஐந்து தொகுதிகளாக வெளிவந்தது.

அவ்வறிக்கையில் நம்மை மிகவும் ஈர்ப்பது பெரிய பாரின் செய்தி. கரையிலிருந்து நெடுந்தொலைவில், தென்மேற்குப் பருவக்காற்றின் முழு வேகத்துக்கும் முகம்கொடுத்து, ஆழ்கடலின் சரிவு விளிம்பை ஒட்டி அமைந்த நீண்ட பார் அது. பெயருக்கேற்பப் பெரியது. அதில் இளஞ்சிப்பிகள் கோடிக்கணக்கில் வந்து படியும். பார்த்தவர்கள் நாலைந்து ஆண்டுகளில் பெருஞ்சலாபம் நடக்கும் என்று நம்புவார்கள். அடுத்த சோதனையின்போது ஒன்றும் இராது. 1880 முதல் ஹெர்ட்மன் வந்த காலம் வரை, அப்பார் குறைந்தது பதினொரு முறை இளஞ்சிப்பிகளால் நிறைந்தது. ஒருமுறைகூடச் சலாபம் தரவில்லை. மணல் பெயர்ந்து அவற்றை மூடிவிடுகிறது, அல்லது நீரோட்டம் அவற்றை ஆழத்தில் தள்ளிவிடுகிறது என்பதே ஆய்வாளர்களின் முடிவு.

இச்செய்தியின் பொருளை ஆழ்ந்து நோக்கவேண்டும். பெரிய பாரில் எவரும் குளிக்கவில்லை, அள்ளவில்லை, திருடவில்லை. இருந்தும் அது பதினொரு முறை நிறைந்து பதினொரு முறை வெறுமையாயிற்று. மனிதக் கை படாமலே ஒரு பார் முற்றாக அழியக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. இளஞ்சிப்பிகளை அங்கிருந்து அள்ளிப் பாதுகாப்பான பார்களில் கொண்டுபோய் இடவேண்டும், ஒட்டுவதற்குக் கல்லும் கிளிஞ்சலும் பரப்பவேண்டும் என்று ஹெர்ட்மனும் ஹார்னெலும் பரிந்துரைத்தனர்.

அவர்களுடைய கருத்துகள் யாவும் நிலைத்துவிடவில்லை. நாடாப்புழுவின் இளம்பருவமே முத்துக்குக் கருவாகிறது, அப்புழு சிப்பியைத் தின்னும் மீன்களின் வயிற்றில் முதிர்கிறது என்று ஹெர்ட்மன் கருதினார். அது சரியானால், சிப்பியைத் தின்னும் திருக்கையே முத்துக்கும் காரணம் என்றாகும். பகைவனை ஒழித்தால் செல்வமும் ஒழியும். நல்ல காப்பியத்துக்குரிய முரண் இது. எனினும் பிற்கால ஆய்வாளர்கள் அக்கொள்கையை ஏற்கவில்லை.

கோடியில் ஒரு பங்கு

சிப்பியின் வாழ்க்கையை எளிய முறையில் சொல்லிப் பார்ப்போம். ஆண், பெண் சிப்பிகள் தம் விந்தையும் முட்டையையும் நீரில் விடுகின்றன. ஒரு பெண் சிப்பி இலட்சக்கணக்கில் முட்டையிடும். கருவுற்ற முட்டையிலிருந்து தோன்றும் இளவுயிர் ஏறத்தாழ மூன்று வாரங்கள் கடலில் மிதந்து திரிகிறது. அப்போது அது நீரோட்டத்தின் கையில் இருக்கிறது. மீன்களுக்கும் மிதவையுயிர்களுக்கும் இரையாகிறது. மூன்று வாரம் தப்பினால், ஒட்டுவதற்கு ஒரு கடினமான பரப்புக் கிடைக்கவேண்டும். மணலில் விழுந்தால் இறக்கும். ஒட்டிய பிறகும் நட்சத்திர மீன், கிளாத்தி, திருக்கை, சூரம், பெயரும் மணல் எனப் பகைகள் பல. இவற்றுக்கெல்லாம் தப்பி நான்கைந்து ஆண்டுகள் வாழ்ந்தால்தான் அதனுள் விலைபோகும் முத்து இருக்கக்கூடும். ஆறேழு ஆண்டுகளில் அது மூப்படைந்து தானே இறந்துவிடும்.

இதில் உள்ள கணக்கு நுட்பமானது. ஒரு பெண் சிப்பி தன் வாழ்நாளில் இடும் முட்டைகளுள் இரண்டு மட்டும் முதிர்ந்தால் போதும்; எண்ணிக்கை குறையாது, கூடாது. பத்து இலட்சத்துக்கு இரண்டு தப்புவதற்குப் பதிலாக இருபது தப்பினால், ஒரே தலைமுறையில் கூட்டம் பத்து மடங்காகும். ஒன்றும் தப்பாவிட்டால் பார் வெறுமையாகும். பத்து இலட்சத்தில் இரண்டுக்கும் இருபதுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை ஒரு பருவத்தின் நீரோட்டமே உண்டாக்கிவிடலாம். தானியக் களஞ்சியத்தைக் காப்பவர் எலியையும் திருடனையும் பார்த்தால் போதும். பாரைக் காப்பவர் காற்றையும் நீரோட்டத்தையும் எங்ஙனம் காப்பார்?

இன்னொன்றும் உண்டு. மூன்று வாரம் மிதக்கும் உயிர் தன் தாய் இருந்த பாரிலேயே இறங்கும் என்ற உறுதி இல்லை. ஒரு பாரின் தாய்ச்சிப்பிகள் தொலைவிலுள்ள வேறொரு பாருக்கு மக்களை அனுப்பிக்கொண்டிருக்கலாம். ஆகவே ஒரு பாரைக் கண்ணும் கருத்துமாகக் காத்தாலும், அதற்கு விதை தரும் பார் அழிந்திருந்தால் பயனில்லை. எல்லை வகுத்து ஆள்வோருக்கு இது விளங்கக் கடினமான செய்தி.

குளிக்கும் காலத்தைத் தீர்மானிப்பதும் இதனால் அரிதாயிற்று. முந்தினால் முத்து சிறியது. பிந்தினால் சிப்பி இறந்துவிடும். நாளைக்கென விட்டுவைப்பது இங்குச் சேமிப்பு ஆகாது. ஆனால் இருப்பதையெல்லாம் அள்ளினால், அடுத்த பருவத்துக்கு முட்டையிட எதுவும் மிஞ்சாது. கடலின் மாற்றங்கள் மனிதனைக் குற்றமற்றவனாக்கிவிடவில்லை. நலிந்த ஆண்டில் மிஞ்சிய சில தாய்ச்சிப்பிகளே மீட்சியின் விதை. அவற்றையும் அள்ளுவோர் அடுத்த தலைமுறையின் சலாபத்தை அள்ளுகின்றனர்.

மூன்று இலட்சத்துப் பத்தாயிரம் ரூபாய்க் குத்தகை

ஆய்வறிக்கை வெளிவந்துகொண்டிருந்தபோதே பார்கள் மீண்டும் நிறைந்தன. 1903, 1904 ஆண்டுகளில் இலங்கையில் சலாபம் நடந்தது. 1905-இல் நடந்தது முன் எப்போதும் கேட்டிராதது. 300-க்கும் மேற்பட்ட படகுகளில் ஏறத்தாழ 5,000 குளியாளிகள் இறங்கி, எட்டுக் கோடிக்கும் மிகுதியான சிப்பிகளை எடுத்தனர். அரசுக்கு மட்டும் சுமார் 25 இலட்சம் ரூபாய் கிடைத்தது.

இந்தக் காட்சி இலண்டன் முதலீட்டாளர்களை மயக்கியது. 'சிலோன் கம்பெனி ஆஃப் பெர்ல் ஃபிஷர்ஸ்' என்ற நிறுவனம் 1906-இல் இலங்கையின் முத்துப் பார்களை இருபது ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தது. ஆண்டுக் குத்தகை 3,10,000 ரூபாய். ஒரே ஆண்டில் 25 இலட்சம் தந்த சொத்தை இவ்வளவு குறைந்த தொகைக்குக் கொடுக்கலாமா என்ற கண்டனம் எழுந்தது. 1906-ஆம் ஆண்டுச் சலாபத்தில் இளம் அதிகாரியாகப் பணிபுரிந்தவர் லியோனார்ட் வூல்ஃப். வர்ஜீனியா வூல்ஃபின் கணவராக இலக்கிய அன்பர்கள் அவரை அறிவர். அவருடைய தன்வரலாற்றில் அந்த மணற்கரையின் நினைவுகள் இடம்பெற்றுள்ளன.

1907-இலும் சலாபம் நடந்தது. அதன் பிறகு சிப்பி இல்லை. குத்தகைப் பணம் மட்டும் ஆண்டுதோறும் கட்டவேண்டியிருந்தது. 1912-இல் நிறுவனம் குத்தகையைக் கைவிட்டது. அடுத்த சலாபம் 1925-இல்தான் வாய்த்தது. அறிக்கையை எழுதிய அறிஞர்கள் இடைவெளிகளின் பட்டியலைத் தெளிவாகவே தந்திருந்தனர். ஒன்றுவிட்டு ஒன்று பொய்க்கும் பொருளுக்கு ஆண்டுதோறும் ஒரே தொகையைக் குத்தகையாகப் பேசியவர்கள், அப்பட்டியலைப் படித்தும் நிறைந்த ஆண்டையே நம்பினர். கண்டனம் செய்தவர்களும் அவ்வாறே நம்பினர் என்பதுதான் வேடிக்கை.

நிறுவனத்தின் நட்டம் கணக்கேட்டில் இருக்கிறது. வணிகர் வேறு கடலுக்குச் சென்றனர். அரசு வேறு வரியைத் தேடிக்கொண்டது. 5,000 குளியாளிகள் 1908-இல் என்ன உண்டனர் என்பதற்குத் தனி அறிக்கை எழுதப்படவில்லை.

அதே கடல், அதே மக்கள், வேறு கணக்கு

அவர்களுள் தூத்துக்குடிக் கரையினருக்குக் கைகொடுத்தது சங்கு. முத்துக் குளித்த அதே மக்கள், அதே கடலில், சங்கும் குளித்தனர். சங்குக் குளிப்பு முத்துக்குளிப்பைப் போலப் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை திகைக்கவைக்கும் தொழிலன்று, ஆண்டுதோறும் நடந்தது. இவ்வேறுபாட்டின் காரணம் இவ்விரு உயிர்களின் பிறப்பிலேயே இருக்கிறது. தாய்ச் சங்கு தன் முட்டைகளை அடுக்கடுக்கான உறைகளில் வைத்து மணலில் ஊன்றுகிறது. உறையிலிருந்து வெளிவரும் குஞ்சு மிதந்து அலைவதில்லை. சின்னஞ்சிறு சங்காகவே வெளிவந்து அங்கேயே ஊர்ந்து வாழ்கிறது. எனவே ஓரிடத்துச் சங்கின் எண்ணிக்கை அவ்விடத்துத் தாய்ச்சங்குகளையே சார்ந்தது. குறித்த அளவுக்குச் சிறிய சங்குகளைத் திரும்பக் கடலில் விடவேண்டும் என்ற விதி அங்குப் பொருளுடையதாயிற்று. காத்தால் பெருகும், அள்ளினால் குறையும் என்ற நிலத்து நீதி சங்குக்குப் பெரிதும் பொருந்துகிறது; முத்துச் சிப்பிக்கு அது பாதியளவே பொருந்துகிறது.

ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் சேர்ந்து அதன் இயக்குநராகவும் விளங்கினார். சங்கைப் பற்றி 1914-இலும், இந்திய முத்துக்குளிப்பைப் பற்றி 1922-இலும் அவர் எழுதிய நூல்கள், இக்கரையின் தொழில்களையும் மக்களையும் அறிய விரும்புவோர் தவறவிடக்கூடாதவை.

கடைசிச் சலாபம்

1955 முதல் 1961 வரை தூத்துக்குடியில் தொடர்ந்து ஏழு ஆண்டுகள் முத்துக்குளிப்பு நடந்தது. அதுவே இக்கரையின் கடைசிச் சலாபமாயிற்று. அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சலாபம் இல்லை. முன்னைய முப்பது ஆண்டு இடைவெளிகளை எல்லாம் இது விஞ்சிவிட்டது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் 1973-இல் தூத்துக்குடியில் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினர். 1981-இல் பொரிப்பகத்திலேயே சிப்பிக் குஞ்சுகளை உண்டாக்கும் முறையையும் கண்டனர். பார்களோ பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

இம்முறை பழைய விளக்கம் மட்டும் போதுமா என்பதே கேள்வி. இடைப்பட்ட காலத்தில் இக்கடலில் இழுவை மடிகள் வந்தன. பவளப் பாறைகளை வெட்டிச் சுண்ணாம்புக்கு விற்றனர். மன்னார் வளைகுடாவின் சிறு தீவுகளுள் இரண்டு நீரில் மூழ்கின. 1986-இல் மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்கா அறிவிக்கப்பட்டது. கடல் தானே பொய்த்ததா, நாம் பொய்க்கச் செய்தோமா என்று பிரித்துக் காண்பது எளிதன்று. இயல்பாகவே பத்து முறை விழுந்து பத்து முறை எழும் உயிரை நாம் பதினோராம் முறை எழவிடாமல் செய்துவிட்டால், அதைக் கண்டறியவே நமக்கு இரு தலைமுறை ஆகும். முத்துச் சிப்பியின் வரலாறு தரும் எச்சரிக்கை இதுவே என்று கருதுகிறோம்.

மிதக்கும் இளவுயிருடைய மட்டி, சிப்பி இனங்கள் அனைத்துக்கும் இது பொருந்தும். அண்டையிலுள்ள கேரளத்தின் அஷ்டமுடிக் காயலில், ஏற்றுமதிக்காக மட்டி எடுப்போர் தொண்ணூறுகளில் விளைச்சல் குறைவதைக் கண்டு, இனப்பெருக்க மாதங்களான திசம்பர் முதல் பிப்ரவரி வரை எடுப்பதில்லை என்றும், சிறியவற்றை வலையில் தங்கவிடுவதில்லை என்றும் விதி வகுத்துக்கொண்டனர். 2014-இல் அம்மட்டித் தொழில் நீடித்த மீன்பிடிப்புக்கான பன்னாட்டுச் சான்றைப் பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் மீன்பிடித் தொழில் அதுவே. பின்னர் அங்கும் விளைச்சல் சரிந்தது. பொரிப்பகத்தில் வளர்த்த குஞ்சுகளைக் காயலில் விடும் முயற்சி அண்மை ஆண்டுகளில் தொடங்கியது. கட்டுப்பாடு வீண் என்பது இதன் பொருளன்று. எடுப்பவர் ஒழுங்காக இருந்தும் நீர் கெட்டால் மட்டி குறையும். அந்நேரத்தில் எடுத்தவரை மட்டும் குற்றம் சாட்டுவது, முத்துக்குளியாளியைத் திருடன் என்ற பழைய வழக்கின் தொடர்ச்சியே ஆகும்.

1961-இல் இருபது வயதில் தொள்ளாயிரம் பாரில் இறங்கியவர் இன்று எண்பதைக் கடந்திருப்பார். நிறைந்த பாரைக் கண்ணால் கண்டவர்கள் இனி அவர்களே. எந்தப் பார் எந்தக் காற்றில் மூடும், சூரம் எந்த மாதம் படரும், எந்தத் திசை நீரோட்டம் இளஞ்சிப்பியைக் கொண்டுவரும் என்ற செய்திகள் அவர்களுடைய நினைவில் இருக்கின்றன; அறிக்கைகளில் அவற்றின் ஒரு பகுதியே உள்ளது. முத்துக்குளித்துறை ஊர்களைச் சேர்ந்த அன்பர்கள், பார்களின் பெயர்களையும் அவற்றைக் கரையிலிருந்து அடையாளம் காணும் குறிகளையும் முதியோரிடம் கேட்டு எழுதிவைப்பார்களாயின், அது தமிழுக்கும் கடலியலுக்கும் ஒருசேரச் செய்யும் தொண்டாகும். அதற்கு இன்னும் சில ஆண்டுகளே எஞ்சியுள்ளன.